மூன்று டிஸ்க் இருக்கிறது, எதில் எதை வைப்பது?

கேள்வியின் சாரம் இது. வீட்டில் ஒரு மேசைக் கணினி, லினக்ஸ் மின்ட், 8 ஜிபி ரேம். உள்ளே 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, பல வருடமாக ஓடும் 7200 ஆர்பிஎம் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று, போன மாதம் வாங்கிய 5400 ஆர்பிஎம் 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று. டார்க்டேபிளில் புகைப்பட வேலை, கேடென்லைவில் கல்யாண வீடியோ எடிட்டிங், நடுநடுவே விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் நிரல்) ஒரு விண்டோஸ். எல்லாம் சேர்ந்து ஓடினால் கணினி திணறுகிறது. ஒரு நண்பர் "மூன்றையும் ரெய்டு 0 ஆகச் சேர்த்துவிடு" என்கிறார். இன்னொருவர் "/ஹோம் ஒரு டிஸ்க்கில், /வார் ஒரு டிஸ்க்கில், ஸ்வாப் ஒரு டிஸ்க்கில் என்று பிரித்துப் போடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டையும் செய்ய வேண்டாம். ரெய்டு 0 என்பது பல டிஸ்க்குகளை ஒரே டிஸ்க் போல ஆக்குவது. /ஹோம் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் கோப்புறை, /வார் லாக் போல சிஸ்டம் அடிக்கடி மாற்றும் கோப்புகள் இருக்கும் கோப்புறை, ஸ்வாப் என்பது ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம். முதல் யோசனை உங்கள் படங்களுக்கு ஆபத்து. இரண்டாவது ஒரு காலத்தில் சரியாக இருந்தது, இன்றைக்குப் பொருந்தாது. படம் ஒரு டிஸ்க், பாட்டு ஒரு டிஸ்க் என்று பொருளின் வகையைப் பார்த்துப் பிரித்தாலும் வேகம் வராது. எந்த வேலை நடக்கும்போது எந்தெந்தக் கோப்புகள் ஒரே நேரத்தில் தொடப்படுகின்றன என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். அது ஏன் என்பது ஹார்டு டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டுகள் இருக்கின்றன, அவற்றின் மேல் நகர்ந்து தரவைப் படிக்கும், எழுதும் ஹெட் இருக்கிறது. தட்டு பல, ஹெட் பல என்றாலும் அத்தனை ஹெட்டும் ஒரே கையில் மாட்டியிருப்பதால் எல்லாம் சேர்ந்துதான் நகரும். உங்கள் 1 டிபி டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் ஹெட்டின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 4 மில்லி நொடிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன்னால் ஹெட் சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு 8 அல்லது 9 மில்லி நொடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் எடுக்க 12, 13 மில்லி நொடி போகிறது. நொடிக்கு 80 துண்டு எடுத்தாலே பெரிது. ஒரு துண்டு 4 கேபி என்றால் நொடிக்கு வெறும் 320 கேபி. அதே டிஸ்க் ஒரு பெரிய வீடியோ கோப்பை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 150 எம்பி தரும். ஒரே டிஸ்க், ஒரே கேபிள், வேலையைப் பொறுத்து கிட்டத்தட்ட 500 மடங்கு வித்தியாசம்.

மளிகைக் கடையில் ஒரே ஆள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மூட்டை பின்கட்டில், மிளகு பரண் மேல். ஒருவர் பத்து மூட்டை அரிசி கேட்டால் மளமளவென்று இறக்கிவிடுவார். இரண்டு பேர் நின்று ஒருவர் ஒரு படி அரிசி, அடுத்தவர் நூறு மிளகு, திரும்ப ஒரு படி அரிசி என்று மாற்றி மாற்றிக் கேட்டால் அவர் நாள் முழுக்க ஏணி ஏறி இறங்குவதிலேயே போய்விடும். ஹார்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடந்தால் இதுதான் நடக்கிறது. கேடென்லைவ் ஒரு பக்கம் மூலக் காட்சியைப் படிக்கிறது, முடிந்த வீடியோவை அதே டிஸ்க்கில் எழுதுகிறது, நடுவில் விண்டோஸ் தன் அப்டேட்டைத் தொடங்குகிறது. ஹெட் மூன்று இடத்துக்கும் அலைகிறது.

எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. சிதறிய துண்டு ஒன்றை எடுக்க 0.1 மில்லி நொடி அளவுதான் ஆகும். பல கோரிக்கைகள் ஒன்றாக வந்தால் நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைத் தரும். சாட்டா இணைப்பு அனுமதிக்கும் உச்சம் நொடிக்கு 600 எம்பி, அதில் 550 வரை நடைமுறையில் வரும். ஆனால் அந்த 550 என்ற எண்ணைப் பார்த்து யாரும் எஸ்எஸ்டியின் அருமையை அளக்கக் கூடாது. 150க்கும் 550க்கும் நான்கு மடங்குகூட இல்லை. அருமை சிதறிய படிப்பில் இருக்கிறது.

இப்போது இரண்டாவது நண்பரின் யோசனை எங்கிருந்து வருகிறது என்பது புரியும். எல்லா டிஸ்க்கும் சுழலும் டிஸ்க்காக இருந்த காலத்தில் சிஸ்டத்தின் லாக் (நடப்பவற்றின் பதிவு) ஒரு ஹெட்டிலும் நிரல்கள் ஒரு ஹெட்டிலும் ஸ்வாப் இன்னொன்றிலும் இருந்தால் அலைச்சல் குறைந்தது. யுனிக்ஸின் கோப்புறை அமைப்பிலேயே இதன் தடம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 கணினியில் வேலை செய்தபோது சிஸ்டம் முதல் டிஸ்க்கில் கொள்ளாமல் போயிற்று. பயனர் கோப்புகள் இருந்த இரண்டாவது டிஸ்க்கான /யுஎஸ்ஆரில் நிரல்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். நாம் இன்றும் அதே பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறோம். ஆனால் உங்களிடம் எஸ்எஸ்டி இருக்கிறது. சிஸ்டம், லாக், ஸ்வாப், உலாவி என்று சின்னச் சின்னதாகத் தொடுகிற எல்லாமே அதில் இருக்கலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாது. அவற்றில் எதையாவது ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினால் வேகம் குறையவே செய்யும்.

சரி, கை வைக்கும் முன் அளந்து பாருங்கள். சிஸ்ஸ்டாட் தொகுப்பை நிறுவினால் ஐஓஸ்டாட் என்ற கட்டளை கிடைக்கும். கணினி திணறும் நேரத்தில் அதை விரிவான வடிவில், இரண்டு நொடிக்கு ஒருமுறை ஓடும்படி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரி வரும். அதில் படிக்கவும் எழுதவும் ஆகும் காத்திருப்பு மில்லி நொடியில் இருக்கும். ஹார்டு டிஸ்க்கில் 10, 15 என்றால் இயல்பு. 100, 200 என்று நிற்கிறது என்றால் அந்த டிஸ்க்கின் முன் வரிசை கட்டி நிற்கிறது என்று அர்த்தம். எந்த நிரல் அதைச் செய்கிறது என்பதை ஐஓடாப் காட்டும்.

கூடவே விஎம்ஸ்டாட்டையும் பாருங்கள். அதில் ஸ்வாப்புக்குப் போகும், வரும் அளவைக் காட்டும் இரண்டு பத்திகள் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தால் உங்கள் பிரச்சினை டிஸ்க்கே இல்லை, ரேம். 8 ஜிபியில் விண்டோஸுக்கு 4 ஜிபியைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கேடென்லைவும் உலாவியும் ஓடினால் இதுதான் நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. லினக்ஸ், சும்மா இருக்கும் ரேமை வீணாக விடாமல், ஏற்கெனவே படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்கிறது. ரேம் கூடினால் டிஸ்க்கைத் தொடும் தேவையே குறையும். ஆகவே செலவு செய்ய ஒரே ஒரு பொருள்தான் முடியும் என்றால் இன்னொரு 8 ஜிபி ரேமை வாங்குங்கள். டிஸ்க்கை எப்படி அடுக்கினாலும் அந்த அளவு பலன் வராது.

இன்னொரு சோதனையும் இப்போதே செய்துவிடுங்கள். பழைய 1 டிபி டிஸ்க்கின் உடல்நிலையை ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் பாருங்கள். 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள். 197ஆம் எண், படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். 199ஆம் எண் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறை இல்லை, கேபிளில் இருக்கிறது. ஒருமுறை என் கணினியில் டிஸ்க் அவ்வப்போது சில நொடி உறைந்து நிற்க, இரண்டு வாரம் ஃபைல் சிஸ்டத்தையும் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) கெர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் 199 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது கண்ணில் பட்டது. சாட்டா கேபிளை மாற்றினேன், அன்றோடு தீர்ந்தது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். பழைய மதர்போர்டு என்றால் எஸ்எஸ்டி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சிலவற்றில் 6 ஜிகாபிட் போர்ட் இரண்டுதான் இருக்கும், மற்றவை 3 ஜிகாபிட். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் எந்த வேகத்தில் இணைப்பு ஏற்பட்டது என்று வரும். பயாஸில் சாட்டா முறை ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். கோரிக்கைகளை டிஸ்க்கே வரிசைப்படுத்தி ஹெட் அலைச்சலைக் குறைக்கும் வசதி ஏஹெச்சிஐயில்தான் வேலை செய்யும்.

இனி அடுக்குவது.

எஸ்எஸ்டியில் முழு சிஸ்டம், ஸ்வாப், உங்கள் ஹோம் கோப்புறை மூன்றும் இருக்கட்டும். ஹோமை அப்படியே பெரிய ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. "டேட்டா எல்லாம் பெரிய டிஸ்க்கில்" என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹோமுக்குள் கண்ணில் படாமல் மறைந்திருக்கும் கோப்புறைகளில்தான் உலாவியின் புரொஃபைல், எல்லா நிரல்களின் அமைப்புகள், கேஷ் என்ற தற்காலிக நகல்கள் எல்லாம் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் தொடப்படுகின்றன. டார்க்டேபிள் தன் தரவுத்தளத்தை கான்ஃபிக் கோப்புறையிலும் சின்னப் படங்களை கேஷ் கோப்புறையிலும் வைக்கிறது. ஒரு கல்யாணத்தின் 2,000 படங்களை உருட்டும்போது நீங்கள் உண்மையில் பார்ப்பது அந்தச் சின்னப் படங்களைத்தான். அவை எஸ்எஸ்டியில் இருந்தால் உருட்டுவது வழுக்கிக்கொண்டு போகும், கேமராவிலிருந்து வந்த மூல ரா கோப்புகள் 4 டிபி டிஸ்க்கில் இருந்தாலும் பரவாயில்லை. கேடென்லைவ் உருவாக்கும் புராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கான சின்ன அளவு நகல், அதுவும் கேஷில்தான் இருக்கும். புராக்ஸியை இயக்கி வையுங்கள். காலக்கோட்டில் முன்னும் பின்னும் இழுப்பது முழுக்க எஸ்எஸ்டியில் நடக்கும்.

விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோஸின் டிஸ்க் கோப்பும் கட்டாயம் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். ஒரு முழு இயங்குதளம் தன் சின்னச் சின்னத் தேவைகளை எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் தேடுகிறது. சிதறிய படிப்புக்கு இதைவிட மோசமான உதாரணம் கிடையாது. அதற்கு 50, 60 ஜிபி ஒதுக்கினால் சிஸ்டத்துக்கு 40, கேஷும் புராக்ஸியும் 60 என்று வைத்தாலும் 240க்குள் இடம் மிஞ்சும். மிஞ்சட்டும். எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் எழுதும் வேகம் சரியும், 15 முதல் 20 சதவீதம் காலியாக விட்டுவிடுங்கள்.

எஸ்எஸ்டிக்குள் நாலைந்து பார்ட்டிஷன், அதாவது தனித்தனிப் பகுதிகள், போடுவதால் வேகம் கூடாது. ஒன்று நிரம்பி வழியும்போது அடுத்தது காலியாகக் கிடக்கும் எரிச்சல்தான் மிச்சம். மறுபடி நிறுவும்போது வசதி என்று ஹோமைத் தனியாக வைக்க விரும்பினால் வையுங்கள், அது வேறு காரணம்.

அடுத்தது இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். இரண்டு ஹெட் தொகுதி இருப்பதன் உண்மையான லாபம் இங்கேதான். 4 டிபியில் மூலக் காட்சிகள், ரா படங்கள், முடிந்த பழைய வேலைகள். 1 டிபியில் ரெண்டர் செய்து வெளியே வரும் வீடியோ, தற்காலிகப் பெரிய கோப்புகள். இப்படி வைத்தால் ரெண்டர் ஓடும்போது ஒரு டிஸ்க் வரிசையாகப் படிக்கிறது, மற்றது வரிசையாக எழுதுகிறது. இரண்டு ஹெட்டும் தத்தம் தடத்தில் நிம்மதியாகப் போகும். ஜிப் கோப்பைப் பிரிப்பது, பெரிய கோப்புறையை நகலெடுப்பது எல்லாவற்றுக்கும் இதே விதி: ஒன்றில் படி, மற்றதில் எழுது.

ஒரே டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து, ஒன்றில் படித்து மற்றதில் எழுதினால் இந்தப் பலன் வரவே வராது. நிலைமை மோசமாகும். ஹெட் தட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பாய வேண்டும். டிஸ்க் வேறு, பார்ட்டிஷன் வேறு. ஆனால் பார்ட்டிஷனால் ஒரு சின்ன ஆதாயம் உண்டு. தட்டின் வெளிவட்டத்தில் ஒரு சுற்றில் அதிகத் தரவு கொள்ளும், அதனால் வேகம் அதிகம். உள்வட்டத்துக்குப் போகப் போக கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். டிஸ்க்கின் தொடக்கப் பகுதி வெளிவட்டத்தில் இருக்கிறது. ஆகவே 1 டிபியில் முதல் 300 ஜிபியை ரெண்டர் பார்ட்டிஷனாகவும் மீதியை எப்போதாவது தொடும் பொருள்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எழுதும் வேலையை 4 டிபியில் வைக்காமல் பழைய 1 டிபிக்குத் தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது வரும் குறைந்த விலைப் பெரிய டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் வகை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு ஓட்டின் மேல் அடுத்தது பாதி ஏறி நிற்பது போல, தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதை ஒட்டிய தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். இதைச் சமாளிக்க டிஸ்க்குக்குள் ஒரு தற்காலிகப் பகுதி இருக்கும். அது நிரம்பும்வரை எல்லாம் நன்றாகப் போகும், நிரம்பியதும் வேகம் தடாலென்று விழும். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் சேமிப்புக்கு இந்த வகை போதும். இடைவிடாமல் எழுதும் வேலைக்கும் ரெய்டுக்கும் ஆகாது. உங்கள் மாடல் எந்த வகை என்பதைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் பார்த்துவிடுங்கள்.

இந்த டிஸ்க்குகளை எப்படி ஹோமோடு இணைப்பது? 4 டிபியை /டேட்டா என்ற இடத்தில் மவுண்ட் செய்து (ஒரு கோப்புறையாகத் தெரியும்படி இணைத்து), ஹோமுக்குள் இருக்கும் பிக்சர்ஸ், வீடியோஸ் கோப்புறைகளை மட்டும் அதற்குத் திருப்பிவிடுங்கள். சிம்லிங்க், அதாவது வேறு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி, போட்டாலே போதும், எளிது. ஆனால் தனிக் கூண்டுக்குள் ஓடும் ஸ்னாப், ஃப்ளாட்பேக் வடிவில் நிறுவிய நிரல்கள் ஹோமுக்கு வெளியே எட்டிப் பார்க்க அனுமதி இல்லாமல் சிம்லிங்க்கில் முட்டி நிற்கலாம். அப்படி ஏதாவது பயன்படுத்தினால் பைண்ட் மவுண்ட் நல்லது. நிரலின் கண்ணுக்கு அது ஹோமுக்குள் இருக்கும் சாதாரணக் கோப்புறையாகவே தெரியும்.

எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை எழுதாதீர்கள். அவை கெர்னல் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் வரிசையில் கிடைக்கும் பெயர்கள், ஒரு டிஸ்க்கைச் சேர்த்தாலோ கேபிளை மாற்றிச் செருகினாலோ மாறிவிடும். பிஎல்கேஐடி கட்டளை தரும் யூயூஐடியை, அதாவது மாறாத அடையாள எண்ணை, எழுதுங்கள். ஹார்டு டிஸ்க் இரண்டுக்கும் நோஃபெயில் என்ற விருப்பத்தைச் சேருங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்க் ஒருநாள் கிடைக்காமல் போகும்போது சிஸ்டம் 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி திரையில் நின்றுவிடும்.

நோஃபெயிலில் ஒரு பள்ளம் இருக்கிறது, பல வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும் /டேட்டா என்ற காலிக் கோப்புறை எஸ்எஸ்டியில் இருக்கும். அது தெரியாமல் ஏதாவது ஒரு நிரல் அதில் எழுத ஆரம்பித்தால் எஸ்எஸ்டி நிரம்பி, சிஸ்டமே நின்றுபோகும். டிஸ்க்கை மவுண்ட் செய்யும் முன்பே அந்தக் காலிக் கோப்புறைக்கு சாட்டர் கட்டளையால் மாற்ற முடியாத கொடியைப் போட்டுவிடுங்கள். மவுண்ட் ஆனதும் டிஸ்க் வழக்கம்போல எழுதும். மவுண்ட் ஆகாத நாளில் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராலும் அங்கே எழுத முடியாது. எஃப்எஸ்டேப்பைத் திருத்தியதும் உடனே ரீஸ்டார்ட் செய்யாமல், ஃபைண்ட்மவுண்ட் கட்டளையின் சரிபார்ப்பையும் எல்லாவற்றையும் மவுண்ட் செய்யும் கட்டளையையும் ஓட்டிப் பிழை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோஏடைம் போட்டால் வேகம் பறக்கும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் படித்த நேரத்தை எழுதாமல் இருக்கச் செய்யும் விருப்பம் அது. 2009இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து, பெரும்பாலான நேரங்களில் அதை எழுதாமல் விடும் ரிலேடைம் தானாகவே இயங்குகிறது. போடுவதால் கெடுதல் இல்லை, பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஃபைல் சிஸ்டம்? மூன்றுக்கும் எக்ஸ்ட்4. புதிய 4 டிபி விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் வந்திருந்து, அதை விண்டோஸோடு பகிரும் தேவை இல்லை என்றால், காலியாக இருக்கும்போதே எக்ஸ்ட்4 ஆக்கிவிடுங்கள். நிரம்பிய பிறகு மாற்ற இன்னொரு டிஸ்க் தேவைப்படும். எக்ஸ்ட்4 இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். சிஸ்டம் டிஸ்க்கில் அது தேவை. 4 டிபியில் அது 200 ஜிபி, வெறும் படங்கள் இருக்கும் டிஸ்க்கில் அவ்வளவு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையால் 1 சதவீதமாகக் குறைத்தால் 160 ஜிபி உடனே திரும்பக் கிடைக்கும், தரவுக்கு எதுவும் ஆகாது. எக்ஸ்எஃப்எஸ்ஸும் பெரிய கோப்புகளுக்கு நல்லதுதான், ஆனால் அதைப் பின்னால் சுருக்க முடியாது. பிடிஆர்எஃப்எஸ்ஸில் விர்ச்சுவல் டிஸ்க் கோப்பை அப்படியே வைத்தால் எழுத எழுதச் சிதறிப்போகும் என்பதால் தனி ஏற்பாடு வேண்டும்.

ஸ்வாப் எஸ்எஸ்டியில் இருந்தால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. குறைந்த விலை 240 ஜிபி மாடல்களுக்கே 80 டிபி வரை எழுதலாம் என்று குறிப்பிடுகிறார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், கிட்டத்தட்ட 11 வருடம். அதற்காக ஸ்வாப்பை ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பி நாள்தோறும் அவதிப்பட வேண்டாம். ரேம் வாங்கும்வரை இசட்ராமையும் இயக்கிப் பாருங்கள். ரேமின் ஒரு பகுதியிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் அது. ஃபெடோரா 2020இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே இதைப் பயன்படுத்துகிறது. அப்புறம், எஃப்எஸ்டிரிம் டைமர் இயங்குகிறதா என்று சிஸ்டம்சிடிஎல்லில் பாருங்கள். வாரம் ஒருமுறை எஸ்எஸ்டிக்கு எந்த இடம் காலி என்று தெரிவிக்கும். அது ஓடினால் மவுண்ட் விருப்பத்தில் டிஸ்கார்ட் சேர்க்கத் தேவையில்லை.

டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கைகளை எந்த வரிசையில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் ஐஓ ஷெட்யூலர் பற்றிச் சுருக்கமாக. சாட்டா டிஸ்க்குகளுக்கு மின்ட் இயல்பாக எம்க்யூ-டெட்லைன் வைக்கிறது. எஸ்எஸ்டிக்கு அது போதும். இரண்டு ஹார்டு டிஸ்க்குக்கும் பிஎஃப்க்யூவை முயன்று பாருங்கள். பெரிய நகலெடுப்பு ஓடும்போது மற்ற நிரல்கள் பட்டினி கிடக்காமல் பங்கு பிரித்துக் கொடுக்கும். பிடித்திருந்தால், சாதனங்கள் இணையும்போது இயங்கும் யூடெவ் விதி ஒன்று எழுதி, சுழலும் டிஸ்க்குக்கு மட்டும் நிரந்தரமாக்கலாம்.

இனி ரெய்டு 0. கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி வைக்கிறது. வரிசையாகப் படிக்கும் வேகம் கூடும், உண்மை. ஆனால் சிதறிய ஒரு துண்டுக்குக் காத்திருக்கும் 12 மில்லி நொடி குறையாது, உங்கள் திணறல் அங்கேதான் இருக்கிறது. எஸ்எஸ்டியையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்தால் எஸ்எஸ்டி தன் பங்கை முடித்துவிட்டு ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கும். மூன்றும் மூன்று அளவு என்பதால் சிறியவை நிரம்பிய பிறகு மீதிப் பெரும்பகுதி 4 டிபி ஒன்றில் மட்டும்தான் போய் உட்காரும், அங்கே வேகமும் கூடாது. எல்லாவற்றையும்விட, மூன்றில் எது செத்தாலும் மூன்றிலும் உள்ளது போய்விடும். உங்கள் பழைய 1 டிபியின் ஆயுள்தான் உங்கள் எல்லாப் படங்களின் ஆயுளாகும்.

நான் இரண்டு 500 ஜிபி டிஸ்க்கை ரெய்டு 0 ஆக ஓட்டியவன். இரண்டாம் வருடம் ஒன்று டிக் டிக் என்று சத்தம் போட்டது, மறுநாள் காலை கணினி அதைப் பார்க்கவே இல்லை. நல்ல நிலையில் இருந்த மற்ற டிஸ்க்கில் ஒவ்வொரு படத்தின் பாதியும் இருந்தது, ஒன்றுக்கும் ஆகவில்லை. மகள் பிறந்து முதல் ஒன்றரை வருடத்துப் படங்கள் அதில் இருந்தன. உறவினர்களுக்கு அனுப்பியவற்றைக் கேட்டு வாங்கியதில் நாற்பதோ ஐம்பதோ திரும்பக் கிடைத்தன. அந்த ரெய்டால் கிடைத்த வேகம் என்னவென்று இன்றைக்கு எனக்கு நினைவில் இல்லை.

பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கையாளும் எல்விஎம்மில் டிஸ்க்குகளைச் சும்மா நீட்டிச் சேர்ப்பதிலும் ஏறக்குறைய இதே ஆபத்து, வேகம்கூடக் கிடையாது. இரண்டு டிஸ்க்கும் ஒரே கோப்புறையாகத் தெரிய வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் மெர்ஜர்எஃப்எஸ் இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கும் தனி ஃபைல் சிஸ்டமாகவே இருக்கும், ஒன்று போனால் அதில் இருந்தது மட்டும் போகும். எஸ்எஸ்டியை ஹார்டு டிஸ்க்குக்கு கேஷாக வைக்கும் டிஎம்-கேஷ், பிகேஷ் இரண்டும் 2013 முதல் கெர்னலில் இருக்கின்றன. சர்வருக்கு நல்லவை. எது அடிக்கடி வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்த ஒரு வீட்டுக் கணினியில், கையால் எஸ்எஸ்டியில் வைத்துவிடுவது எளிது, பழுதானால் சரிசெய்வதும் எளிது.

ரெய்டு 1, அதாவது இரண்டு ஒரே அளவு டிஸ்க்கில் ஒரே தரவு, அதைப் பின்னால் யோசிக்கலாம். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது, இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் படித்தால் ஆளுக்கொரு டிஸ்க்கிலிருந்து படிக்கும். ஆனால் தவறி அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும், அதனால் அது பேக்கப் ஆகாது. கல்யாண வீடியோ என்றால் அது அடுத்தவர் வீட்டுச் சொத்து. 4 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையை ஓட்டி, கழற்றி அலமாரியில் வையுங்கள். அது வரும்வரை ஹோமையும் கையில் இருக்கும் வேலையின் மூலக் காட்சிகளையும் ராத்திரி நேரத்தில் 1 டிபிக்கு நகலெடுத்துக்கொள்ளலாம், அதன் ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருந்தால் மட்டும். மின்சாரம் அடிக்கடி போகும் இடம் என்றால் ஒரு யூபிஎஸ்ஸும் வேண்டும். எக்ஸ்ட்4இன் ஜர்னல் ஃபைல் சிஸ்டத்தைக் காப்பாற்றும், பாதி எழுதிய வீடியோவைக் காப்பாற்றாது.

மாற்றும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். டார்க்டேபிள், கேடென்லைவ், விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாவற்றையும் மூடுங்கள். பிக்சர்ஸ், வீடியோஸை ஆர்சிங்க்கால் 4 டிபிக்கு நகலெடுத்து, அதே கட்டளையைச் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பீட்டோடு இரண்டாம் முறை ஓட்டி, வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பழைய கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, அதன் இடத்தில் புது இணைப்பை வையுங்கள். பாதை அப்படியே இருப்பதால் டார்க்டேபிள் எதையும் தொலைத்ததாக நினைக்காது. எஸ்எஸ்டியில் இடம் நெருக்கினால் பெயர் மாற்றிய கோப்புறையை 1 டிபியின் பின்பகுதிக்குத் தள்ளலாம். ஒரு வாரம் வழக்கம்போல வேலை செய்யுங்கள். அந்த வாரத்தில் ஒரு ரெண்டரை ஓடவிட்டு ஐஓஸ்டாட்டை மறுபடி பாருங்கள். ஹார்டு டிஸ்க் இரண்டின் காத்திருப்பும் இறங்கியிருக்க வேண்டும். இறங்கிய பிறகும் விண்டோஸைத் திறந்தால் மட்டும் திணறுகிறது என்றால், மதர்போர்டு மாடலையும் இப்போது இருக்கும் ரேமின் வேகத்தையும் எழுதுங்கள், எந்த ரேம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.